பெனினாவின் வலது கை

படிக்கட்டில் யார் எதிரே வந்தாலும் பெனினா குர்ட்ஸ் வழியை மறித்துக்கொண்டு பெயரைக் கேட்பாள். தெரியாதவர்களை அல்ல, தெரிந்தவர்களைத்தான். நாற்பது வருடமாக அவளுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் என்னையே கேட்பாள்.

"பேரு என்ன?"

"ஷ்லோமோ."

"அது குடியேத்த ஆபீஸ்ல எவனோ எழுதிக் குடுத்தது. நெசப் பேரு?"

"ஸலீம்."

"தூக்கத்துல உலுக்கிக் கேட்டா எது வரும்?"

"உன் தொல்லைதான் வரும். வழிய விடு, முட்டி வலிக்குது."

அப்போதுதான் சிரித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்குவாள். வருகிறவன் சமையல் வாயு உருளை தூக்கி வரும் ஆளானாலும் இதே கதைதான். அவன் தோளில் சுமையோடு இரண்டு பெயரும் சொல்லிவிட்டுத்தான் மேலே போவான்.

அந்தப் படிக்கட்டுக் கல்லைப் பதித்தது நான். இன்றுவரை ஒரு கல் ஆடாது. பாக்தாத்திலிருந்து இந்த யூத நாட்டுக்கு வந்து கூடார முகாமில் சேற்றில் இறங்கிய பையன், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், பெத்தா திக்வா ஊரில் பாதிக் குளியலறைகளுக்குத் தரை போட்டிருக்கிறேன். என்ஜினீயர்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் சிமெண்டைக் கலக்கச் சொல்வார்கள். ஒரு தரையில் கட்டை விரலால் தட்டினால் போதும், அடியில் எங்கே கெட்டி, எங்கே பொள்ளல் என்று சொல்லிவிடுவேன். ஆட்களையும் அப்படித்தான் எடைபோட்டுப் பழக்கம். பெனினாவை மட்டும் இத்தனை வருடமாகத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், சத்தம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறது.

அவளுக்கு வயது எண்பத்துமூன்று. கணவன் காலமாகிவிட்டான். மகன் கனடாவில் பல் மருத்துவன். சந்தைக்குள் அவள் உள்ளாடைக் கடை வைத்திருந்தாள். பெண்கள் வாசலில் நின்று கூச்சத்தோடு வாயைத் திறப்பதற்குள், ஒரு பார்வை பார்த்து, மீன் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி அளவைக் கூவுவாள். "உனக்கு எண்பத்தஞ்சு! எண்பதுன்னு உன்னையே ஏமாத்திக்காத!" ஒரு யூத மதகுருவின் மனைவி அவமானம் தாங்காமல் அழுதுகொண்டே போனாள். மறுநாள் வந்து எண்பத்தைந்துதான் வாங்கினாள்.

இவ்வளவு சத்தக்காரி, தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் மட்டும் உள்ளே பூனை நடந்த மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றுவாள், ஒரு வாரம் தவறியதில்லை. டிசம்பரில் ரஷ்யக்காரர் கடையில் ஒரு ஊசியிலைக் கொம்பு வாங்கி வந்து பூச்சட்டியில் செருகிவைப்பாள். "கிறிஸ்துமஸ் கொண்டாடுறியா?" என்று கேட்டேன். "மூக்குக்கு வாங்கினேன்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

வசந்தத்தில் நாடு முழுக்கச் சங்கு ஊதி, நெடுஞ்சாலையில் கார்களைக்கூட நிறுத்திவிட்டு உலகப் போரில் ஜெர்மானியர்கள் கொன்ற யூதர்களை நினைத்து மக்கள் தலைகுனிந்து நிற்கும் அந்த ஒரு நாள் வருவதற்குச் சில வாரம் முன்னாலிருந்தே பெனினாவுக்குப் பள்ளிக்கூடங்களிலிருந்து அழைப்பு வரும். நான்தான் என் வண்டியில் கூட்டிப்போவேன். புது வண்டி, எதிரே ஆள் வந்தால் தானாக நின்றுவிடும். அவள் முன் இருக்கையில் உட்கார்ந்து, "இந்த வண்டிக்கு உன்னைவிட மூளை அதிகம், டைல்ஸ்காரா" என்பாள்.

உயிர் தப்பிய மற்றவர்கள் ரயிலைப் பற்றிச் சொல்வார்கள், கொலைமுகாமைப் பற்றிச் சொல்வார்கள். கேட்கிற பிள்ளைகள் உறைந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். பெனினாவின் வகுப்பில் சிரிப்புச் சத்தம் வராந்தாவைத் தாண்டும். "செத்தவங்களப் பத்தி மத்தவங்க சொல்வாங்க. எப்படிச் சாகாம இருக்கிறதுன்னு நான் சொல்லித்தர்றேன். அது தனிப் பாடம்" என்று ஆரம்பிப்பாள். முதலில் ஆளுக்கொரு பொய்க் கிறிஸ்தவப் பெயர் கொடுப்பாள். பிறகு வேறு எதையோ பேசிக்கொண்டே போவாள், கோழி, உருளைக்கிழங்கு, பனி. நடுவில் திடீரென்று ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே விரலை நீட்டுவாள்.

"உன் பேரு?"

"யோ—"

"செத்த! அடுத்தவன். உன் பேரு?"

"காஸிமிர்!"

"பொழச்ச. உங்கம்மா பேரு?"

"அது… அது நீங்க சொல்லித்தரலயே!"

"தேடி வர்றவனும் சொல்லித்தராததத்தான் கேப்பான். நீயும் செத்த."

அதற்குப் பிறகுதான் கை. முழங்கையை உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். கடைசியில் "ஆமென்." "இடதா வலதான்னு ஒரு நொடி யோசிச்சாக்கூட முடிஞ்சுது. தூக்கத்துலயும் வரணும். வீட்டுல பழகுங்க" என்பாள். யூதப் பிள்ளைகள் முப்பது பேர், தலையில் சின்னத் தொப்பியோடும் சடையோடும், ஒரே நேரத்தில் சிலுவை போட்டுக்கொள்வதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பதா எழுந்து ஓடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் கதை இதுதான். போலந்தில், விஸ்தூலா ஆற்றங்கரையில் ஸ்தாசியா என்றொரு குடியானவப் பெண்ணிடம் அன்று பெர்லா என்ற பெயரில் இருந்த ஐந்து வயது பெனினாவை அவள் அம்மா ஒப்படைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. ஸ்தாசியா பிள்ளைக்குப் பாசியா என்று பெயர் வைத்து, உலுக்கி எழுப்பி எழுப்பிப் பெயரைக் கேட்டு, ஜெபத்தையும் கையையும் பழக்கினாள். ஒரு மத்தியானம், அடுப்பு மேடையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தபோது, யூதக் குழந்தைகளைத் தேடிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பெயரைக் கேட்டான். பாசியா என்றாள். "அப்படின்னா காட்டு" என்றான். கை தானாகப் போனது. அவனும் போய்விட்டான்.

வந்தவன் யார் என்பதில்தான் குழப்பம். ஒரு வருடம் அவன் ஜெர்மன் சிப்பாய். அடுத்த வருடம் அதே ஊர்ப் போலீஸ்காரன், ஸ்தாசியாவுக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு தடவை மீசை இருக்கும், ஒரு தடவை இருக்காது. "போன வருஷம் வேற மாதிரி சொன்னியே?" என்று வண்டியில் கேட்டேன். "ரெண்டு பேரு வந்திருப்பாங்களோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? நான் அப்போது பாக்தாத்தில் இன்னும் பிறக்கவே இல்லை.

இதோடு விட்டால் பரவாயில்லை. போர் முடிந்ததும் யூத அமைப்பிலிருந்து கோட்டு போட்ட ஒருவர் அவளை அழைத்துப்போக வந்தார். அதையும் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லுவாள். "யூதன் வந்துட்டான், யூதன் வந்துட்டான்னு கத்திக்கிட்டே கட்டிலுக்கடியில பூந்துட்டேன். அங்கேருந்தே அந்த ஆளுக்கு நேரா சிலுவை போட்டேன். மொதல்ல வந்தவன் அதப் பாத்துட்டுத்தானே போனான்? இவனும் போயிடுவான்னு நெனச்சேன். இவன் போகல. உக்காந்து அழுதான்."

ஒரு பிள்ளை கேட்கும், "அப்போ நீங்க யூதரா, இல்லையா?"

"என்னைக்கு?"

"அன்னைக்கு."

"அன்னைக்கு நான் பாசியா."

"இன்னைக்கு?"

"இன்னைக்குப் பசிக்குது. மணி எப்ப அடிப்பாங்க?"

சென்ற வசந்தத்தில் அவள் பாடம் எடுத்த ஐந்தாம் வகுப்பில் என் பேத்தி ஹோடாயாவும் இருந்தாள். கெட்டிக்காரப் பெண், என் ரத்தம். சொன்னால் சொன்னபடி செய்வாள். அந்த வாரம் முழுக்கக் கட்டிலில் படுத்தபடி பழகியிருக்கிறாள். யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் என் வீட்டில்தான். கூடம் பெரியது, பளிங்குத் தரை, இருபது பேர் தாராளமாக உட்காரலாம். மேசையில் பீட்ரூட் குழம்பில் இறைச்சி வைத்த குப்பா உருண்டைகள், மூடிவைத்த ரொட்டி. என் மருமகன் எலியாஷிவ் திராட்சை ரசக் கோப்பையை உயர்த்தி வாழ்த்துப் பாடினான். நல்ல குரல் அவனுக்கு. பாடி முடித்ததும் எல்லோரும் "ஆமென்" என்றோம். ஹோடாயாவின் கை போனது. நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். கண் பாதி மூடியிருந்தது. அவளுக்கே தெரியாமல் போனது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

எலியாஷிவின் கோப்பை சாய்ந்து மேசைவிரிப்பு சிவந்தது. என் மகள் ஓரித் வாயைப் பொத்திக்கொண்டாள். பேத்தி எங்கள் முகங்களைப் பார்த்து மிரண்டாள்.

"தப்பாப் போட்டேனா? எடது தோள்தானே மொதல்ல?"

"யாரு சொல்லிக்குடுத்தது உனக்கு?" என்றான் எலியாஷிவ். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பெனினா. சாகாம இருக்கிறதுக்கு."

போனைத் தொடக்கூடாத ஓய்வுநாள் முடிந்து வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் அவன் பள்ளிக்கு போன் போட்டான். எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கெல்லாம் இந்த வகுப்புகளை ஏற்பாடு செய்கிறவள் ஸ்மதார் என்ற ஆசிரியை. அந்த வாரமே எல்லோரும் என் கூடத்தில் கூடினோம். வேறு எங்கே கூடுவார்கள்? பேட்டையில் யாருக்குத் தகராறு என்றாலும் என் சோபாவில் உட்கார்ந்துதான் தீர்த்துக்கொள்வார்கள். ஜென்மப் பகையான இரண்டு கம்பெனிக்காரர்களை ஒரே தட்டில் பேரீச்சம்பழம் தின்ன வைத்தவன் நான். இதையும் ஒரு தேநீரில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பெனினா நல்ல நீல ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்மதார் தலைக்குட்டையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். எலியாஷிவ் உட்காரவில்லை.

"அம்மா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு," என்றான். "ஆனா எங்க தாத்தா ஊர்ல, ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல இதே கையப் போட்டுட்டு வெளிய வந்தவனுங்கதான் எங்காளுங்கள அடிச்சே கொன்னானுங்க. அந்தக் கைய என் பொண்ணுக்கு, அதுவும் என் வாழ்த்துக்கு ஆமென் சொல்ற நேரத்துல…"

அவன் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. உடனே பெனினா வாயைத் திறந்தாள்.

"அந்தக் கை என்கிட்ட இல்லன்னா நான் இங்க உக்காந்து உங்க மாமனாரோட வேகாத டீயக் குடிச்சுக்கிட்டிருக்க மாட்டேன் தம்பி."

இதுவும் சரி என்று பட்டது. நான் நடுவில் புகுந்தேன். என் அம்மாவின் கதையைச் சொன்னேன். நான் பிறப்பதற்கு முன், பாக்தாத்தில் வீடு வீடாகப் புகுந்து யூதர்களை வெட்டிய அந்த இரண்டு நாளும், பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாளின் கறுப்பு அங்கியைப் போர்த்திக்கொண்டு அவர்கள் அடுக்களையில் உட்கார்ந்திருந்துதான் என் அம்மா பிழைத்தாள். "அந்தத் துணிய எடுத்து உன் பொண்ணு விளையாட்டா போர்த்திக்கிட்டா இப்படிக் கோவிப்பியா?" என்று மருமகனைக் கேட்டேன்.

"அது வேற, மாமா."

"எப்படி வேற?"

"தெரியல. ஆனா வேற."

எனக்கும் தெரியவில்லை. துணியைக் கழற்றி மாட்டிவிடலாம், கையை எங்கே மாட்டுவது என்று அப்போது தோன்றியது. அது யார் பக்கத்து நியாயம் என்று புரியாததால் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஸ்மதார்தான் வழி சொன்னாள். "பெனினா, நீங்க வாங்க. நீங்க இல்லாம இந்த வருஷம் இல்ல. ஆனா பேர் விளையாட்டு வேண்டாம், கை வேண்டாம். சிலுவைங்கிற பேச்சும் வேண்டாம், இன்னொரு அப்பா கெளம்பி வருவாரு. மத்ததெல்லாம் சொல்லுங்க. பசங்க பதறாம வீட்டுக்குப் போகணும்."

"செய்யாம எப்படிச் சொல்றது?" என்றாள் பெனினா. கேலியாகக் கேட்கவில்லை. வழி தெரியாதவள் கேட்பது மாதிரி கேட்டாள். "நான் அன்னைக்கு வாயே தொறக்கலையே. பேரு ஒண்ணுதான் சொன்னேன். மத்ததெல்லாம் கைதான் பேசுச்சு."

"அப்படீன்னா இந்த வருஷம் ஓய்வெடுத்துக்கலாமே," என்றாள் ஸ்மதார் மெதுவாக.

பெனினாவின் முகம் அப்படி வெளிறிப்போய் நான் பார்த்ததில்லை. சந்தையில் அவள் கடை தீப்பிடித்து எரிந்தபோதுகூடப் பார்த்ததில்லை.

"வீட்டுல தனியா உக்காந்தா எனக்கு ஒண்ணும் வர்றதில்ல, ஸ்மதார். ஸ்தாசியா மூஞ்சி போயிடுச்சு. அம்மா மூஞ்சி எப்பவோ போச்சு. அந்த வயசுப் புள்ளைங்க முன்னாடி உக்காந்தாத்தான் வருது. போன வருஷம் நாயோட நெறம் வந்துச்சு, பழுப்பு. அதுக்கு முந்தின வருஷம் ஸ்தாசியா காதுல ஒரு ஓட்டை, கம்மல் இல்லாம. ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு வருது." தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "சரி. கை இல்லாம சொல்றேன். கூப்பிடுறத மட்டும் நிறுத்தாதீங்க."

தகராறு தீர்ந்தது என்று எல்லோரும் எழுந்தார்கள். இவ்வளவு பஞ்சாயத்து செய்திருக்கிறேன், தீர்ந்த பிறகு ஒருவரும் பேரீச்சம்பழத்தைத் தொடாமல் போனது அன்றைக்குத்தான்.

அடுத்த வகுப்பு இரண்டு தெரு தள்ளி வேறொரு பள்ளியில். அன்று காலையில் நான் வண்டியைக் கிளப்பும்போது எலியாஷிவ் வந்து நின்றான். தானும் வருவதாகச் சொன்னான். காவலுக்கு வருகிறானா, வருத்தத்தில் வருகிறானா என்று அவன் முகத்தில் எழுதியிருக்கவில்லை. பின்னிருக்கையில் ஏறியவனிடம் பெனினா திரும்பிப் பெயரைக் கேட்கவில்லை. அதுவே எனக்கு என்னவோ போல இருந்தது.

புதுப் பிள்ளைகள், அவளை முன்னே பின்னே பார்க்காதவர்கள். ஸ்மதார் சன்னலோரம் நின்றாள், எலியாஷிவ் கதவோரம். நான் குட்டி நாற்காலியில் முழங்காலைக் காதுவரை மடக்கி உட்கார்ந்தேன். பெனினா கோழியைச் சொன்னாள், பனியைச் சொன்னாள், பழுப்பு நாயைச் சொன்னாள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை, ஒன்றும் பதறவில்லை. ஒருத்தன் மேசைக்கடியில் ரப்பரைக் கிள்ளிக்கொண்டிருந்தான். அவள் பேச்சு நடுநடுவே நின்று எதையோ தேடியது. புதிதாக எதுவும் அன்றைக்கு வருவதாகத் தெரியவில்லை.

"அடுப்பு மேடையில தூங்கிட்டிருந்தேன். கழுத்தப் புடிச்சுத் தூக்கினான். பேரு என்னன்னான். பாசியான்னேன். அப்படின்னா காட்டுன்னான்."

நின்றாள்.

"என்னத்தக் காட்டச் சொன்னான்?" என்றான் ரப்பர்க்காரன், முதல்முறையாகத் தலையைத் தூக்கி.

பெனினா ஸ்மதாரைப் பார்த்தாள். ஸ்மதார் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கதவோரம் எலியாஷிவ் ஒரு அடி முன்னால் வந்தான், எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது. பெனினாவின் வலது கை மடியிலிருந்து கிளம்பியது. விரல்கள் சேர்ந்துவிட்டன. கை மோவாய் வரைக்கும் போய்விட்டது. இடது கை பாய்ந்து அதன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தது. இழுத்த கையைத் தொடைக்கடியில் திணித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"காட்டினேன்," என்றாள். "அப்புறம் அவன் போயிட்டான்."

முன்வரிசையில் சடை போட்ட ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "ஏன் போனான்?"

தொடைக்கடியில் வலது கை மறுபடி கிளம்பப் பார்த்தது. பெனினா நாற்காலியில் வலப்பக்கமாகச் சாய்ந்து, முழு உடம்பையும் அந்தக் கையின்மேல் அழுத்தி உட்கார்ந்தாள்.